காருக்கு எர்த் வயர் மாத்துனா பிரயோஜனம் இருக்கா? கேட்டவங்களுக்கெல்லாம் பதில்

வணக்கம் மக்களே, நான் சிங்கப்பூர் காக்கி புக்கிட்ல ரொம்ப வருஷமா கார் வயரிங் வேலை பார்க்குறேன், எர்த் கேபிள், அதாவது பேட்டரி நெகட்டிவ்வ இஞ்சினோடயும் பாடியோடயும் இணைக்குற வயர் பத்தி நிறைய பேர் கேட்டுட்டீங்க, ஒவ்வொண்ணா சொல்றேன்.

கேள்வி: அண்ணே, என் காருக்கு 11 வயசு, சிஓஇ (கார் வச்சிருக்குறதுக்கான உரிமச் சான்றிதழ்) இன்னும் 5 வருஷத்துக்கு புதுப்பிச்சிட்டேன். ஒரு கடையில கூடுதலா அஞ்சு எர்த் கேபிள் போட்டா பிக்கப் ஏறும், பெட்ரோல் மிச்சமாகும்னு 180 வெள்ளி கேக்குறாங்க. போடலாமா?

பதில்: இப்பவே போடாதீங்க தம்பி, முதல்ல அளந்து பாருங்க. இஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல உக்காந்திருக்கு, ரப்பர் வழியா கரண்ட் போகாது, அதனால ஸ்டார்ட்டர் இழுக்குற கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப அந்த எர்த் வயர்தான் வழி. ஸ்டார்ட்டர் 150 ஆம்ப் இழுக்குதுன்னு வைங்க, 25 ஸ்கொயர் எம்எம் செம்பு கேபிள் அரை மீட்டர் இருந்தா அதுல வீணாப் போறது 0.05 வோல்ட் கிட்டதான், இன்னொரு கேபிள் சேர்த்து அதைப் பாதியாக்கினாலும் உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா போல்ட்டுக்கு அடியில துரு ஏறி வெறும் 10 மில்லி ஓம் தடை கூடிருச்சுன்னா அங்கேயே 1.5 வோல்ட் போயிடும், காலையில கார் முக்கி முக்கித்தான் ஸ்டார்ட் ஆகும். நம்ம ஊரு ஈரப்பதத்துக்கு இது சகஜம், நான் பார்த்த வரைக்கும் முக்காவாசி கோளாறு கேபிள்ல இல்ல, முனையிலதான்.

பெட்ரோல் மிச்சம்னு சொல்றத நம்பாதீங்க. இஞ்சின் ஓடும்போது ஆல்டர்நேட்டர் 14 வோல்ட் கிட்ட கொடுத்துட்டு இருக்கு, எவ்வளவு பெட்ரோல் விடணும்னு ஈசியு (இஞ்சினக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) ஆக்சிஜன் சென்சாரப் பார்த்து அதுவே திருத்திக்கும். எர்த் நல்லா இருக்குற கார்ல கேபிள் சேர்த்து அதுக்கு மேல எடுக்க எதுவும் கிடையாது.

கேள்வி: எப்படி அளக்குறது அண்ணா? மல்டிமீட்டர் இருக்கு, ஓம்ஸ்ல வச்சுப் பார்த்தேன், சரியாத்தான் காட்டுது.

பதில்: ஓம்ஸ்ல பார்க்காதீங்கமா, சாதாரண மீட்டருக்கு மில்லி ஓம் தெரியாது, ஒரே ஒரு இழை ஒட்டிட்டு இருந்தாலும் நல்லா இருக்குன்னுதான் காட்டும். டிசி வோல்ட்ல வைங்க, ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ் போஸ்ட் மேலயே குத்துங்க, கிளாம்ப் மேல இல்ல, ஈயக் கட்டை மேல. இன்னொண்ண இஞ்சின்ல பெயிண்ட் இல்லாத போல்ட்ல வச்சுக்கிட்டு வீட்ல யாரையாவது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா கேபிளத் தொடவே வேணாம், 0.5 தாண்டுனா கண்டிப்பா கோளாறு. அப்புறம் ஹெட்லைட், ஏர்கான் புளோவர் ரெண்டையும் போட்டுட்டு நெகட்டிவ் போஸ்ட்டுக்கும் பாடிக்கும் நடுவுல பாருங்க, 0.1க்குள்ள இருக்கணும்.

கேள்வி: எர்த் சுத்தமா விட்டுப்போனா என்ன ஆகும்?

பதில்: ஒரு பழைய மேனுவல் வேன் வந்துச்சு, ஆக்சிலரேட்டர் இறுகுதுன்னாங்க. பானெட்ட தொறந்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன், ஆக்சிலரேட்டர் கேபிள் உறையில புகை வருது. இஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல இருந்த எர்த் பின்னல் பட்டை அறுந்து தொங்குது, கரண்ட் திரும்ப வேற வழியில்லாம அந்த மெல்லிசு கேபிள் வழியா போயிருக்கு. புதுப் பட்டை போட்டதும் சரியாப் போச்சு. இந்த மாதிரி வண்டிக்கு எர்த் மாத்துறது கட்டாயம், யோசிக்கவே வேணாம்.

கேள்வி: பூட்ல ஆம்ப் (பாட்டுக்கு ஆம்ப்ளிஃபயர்) போட்டிருக்கேன் ப்ரோ, ஆக்சிலரேட்டர் மிதிச்சா ஸ்பீக்கர்ல ஙொய்ங்னு சத்தம் ஏறுது.

பதில்: ஆம்போட எர்த்தத்தான் முதல்ல சந்தேகப்படணும். பவர் கேபிள் தடிமன் 4 கேஜ்னா எர்த்தும் 4 கேஜ், அரை மீட்டருக்குள்ள, பெயிண்ட சொரண்டி வெறும் இரும்புல இறுக்குங்க, சீட்பெல்ட் போல்ட்ல மட்டும் மாட்டாதீங்க. பெரிய ஆம்ப்னா பேட்டரியில இருந்து பாடிக்குப் போற எர்த்தையும் பெருசாக்கலாம், அந்தச் செலவு நியாயமானது.

கேள்வி: ஆன்லைன்ல 15 வெள்ளிக்கு எர்த் கேபிள் செட் விக்குறாங்களே?

பதில்: நுனிய கத்தியால சொரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையாத் தெரிஞ்சா செம்பு பூசின அலுமினியம். அலுமினியம் அதே தடிமன் செம்பு கடத்துறதுல 60 சதவீதம் கிட்டதான் கடத்தும், அதுவும் நம்ம ஊர்ல சீக்கிரம் அரிச்சிடும். வேணாம்.

கேள்வி: என் கார்ல நிறுத்துனா இஞ்சின் தானா ஆஃப் ஆகும். நானே கேபிள் சேர்க்கலாமா?

பதில்: அந்த மாதிரி கார்ல நெகட்டிவ் கிளாம்ப் கிட்ட குட்டியா ஒரு சென்சார் இருக்கும், எவ்வளவு கரண்ட் போகுது வருதுன்னு அதுதான் கணக்கு வைக்குது. நேரா போஸ்ட்ல கேபிள் மாட்டுனா கணக்கு தப்பிடும், அதனால சென்சாருக்கு அந்தப் பக்கம், பாடியில மாட்டுங்க. ஹைபிரிட்னா ஆரஞ்சு கலர் ஹை வோல்ட்டேஜ் கேபிள் இருக்குற பக்கம் கையே போகக்கூடாது. மத்தபடி கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில, போல்ட் அடிய எமரி பேப்பர் போட்டு பளபளன்னு தேச்சு, இறுக்கின பிறகு மேல கொஞ்சம் வாஸ்லின் தடவிடுங்க. திரும்ப ஒரு தடவை அளந்து பாருங்க, இந்த ரீடிங்கையும் பழைய ரீடிங்கையும் எனக்கு அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்.