வாகன வினா விடை: மலையகக் குளிரில் பழைய காரின் ஆட்டோ ஏசி

இம்முறை வந்த கடிதங்களில் பல, ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய கார்களில் உள்ள டிஜிட்டல் ஏசியைப் பற்றியவை. அவற்றுள் ஒன்றோடொன்று தொடர்புடைய நான்கை எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: என்னிடம் 2002ஆம் ஆண்டுத் தயாரிப்பான கொரோலா 121 கார் உள்ளது. அதிகாலையில் நானுஓயா வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும்போது ஆட்டோவில் 25 பாகை வைத்தாலும் சூடான காற்று வருவதில்லை. புளோவர் மிக மெதுவாகவே சுழல்கிறது. முன்கண்ணாடி முழுவதும் ஆவி படிந்து மங்கிவிடுகிறது. ஏசி பேனல் பழுதாகிவிட்டது, பாவித்த பேனல் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுக்க வேண்டும் என்று கராஜில் கூறுகிறார்கள். சென்ற வருடம் கினிகத்தேனை ஏற்றத்தில் இன்ஜின் சூடேறியதால் தேமோஸ்டட்டைக் கழற்றியதைத் தவிர வேறு பெரிய வேலை எதுவும் செய்யவில்லை. பேனலை மாற்றலாமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: இப்போதைக்குப் பேனலுக்குப் பணம் கட்ட வேண்டாம். நீங்கள் பெரிதாக எண்ணாமல் குறிப்பிட்டிருக்கும் அந்தத் தேமோஸ்டட்டில்தான் எனது சந்தேகம் முழுவதும் இருக்கிறது.

ஆட்டோ ஏசி என்பது குளிரூட்டும் கருவி மட்டுமன்று. குளிர்ந்த கூலிங் கொயிலைத் தாண்டி வரும் காற்றில் எவ்வளவை, இன்ஜினின் சுடுநீர் ஓடும் ஹீட்டரின் ஊடாகச் செலுத்துவது என்பதை ஒரு சிறிய கதவினால் கூட்டியும் குறைத்தும், நீங்கள் கேட்ட வெப்பநிலையை உருவாக்குவதே அதன் வேலை. வெளியே 12 பாகைக் குளிர் இருக்கையில் நீங்கள் 25 பாகை கேட்டால், பேனல் அந்தக் கதவை ஹீட்டர் பக்கம் முழுவதுமாகத் திறந்துவிட்டு, சுடுநீருக்காகக் காத்திருக்கும். நீர் போதிய சூட்டை அடையும்வரை பயணிகளின் காலில் குளிர்காற்று அடிக்கக் கூடாது என்பதற்காகப் புளோவரை அது வேண்டுமென்றே மெதுவாக வைத்திருக்கும். இது பழுதல்ல, வடிவமைப்பு.

உங்கள் காரில் நீர் சூடாவதே இல்லை. இவ்வகை இன்ஜினின் தேமோஸ்டட் 80 முதல் 84 பாகை வரையிலான சூட்டில்தான் திறக்கத் தொடங்கும். அதுவரை நீரை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் இன்ஜினுக்குள்ளும் ஹீட்டருக்குள்ளும் சுற்றவைக்கும். அதைக் கழற்றிவிட்டால் முதல் நிமிடத்திலிருந்தே நீர் ரேடியேற்றருக்குச் சென்று குளிர்கிறது. கொழும்பில் ஓடும் காரில் இது வெளியே தெரியாமல் போகலாம், மலையகக் காலையில் தெரியாமல் போகாது. றம்பொடை வளைவுகளில் கியரில் இறங்கும்போது சூட்டைக் காட்டும் முள் வழக்கமான இடத்திலிருந்து கீழே சரிகிறதா என்று பாருங்கள். சரிந்தால் வேறு சாட்சி தேவையில்லை. தேமோஸ்டட்டைக் கழற்றுவது நம் கராஜ்களில் பழகிப்போன வைத்தியம். இன்ஜின் ஏன் சூடேறியது என்ற கேள்வியை அது மூடி மறைக்கிறதே தவிரத் தீர்ப்பதில்லை. ரேடியேற்றர் அடைப்பு, காற்றாடி, நீர்ப்பம்பி, ரேடியேற்றர் மூடி ஆகிய நான்கையும் பார்த்துச் சரிசெய்த பின்னர் புதிய தேமோஸ்டட்டைப் பொருத்துங்கள். நுவரெலியாவின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதால், அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் அந்த மூடி தாழ்நிலத்தை விட இங்கே அதிக முக்கியமானது.

இன்னொன்றையும் பாருங்கள். இன்ஜினுக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலுள்ள தகட்டின் ஊடாக இரண்டு றப்பர் குழாய்கள் ஹீட்டருக்குள் செல்லும். கால் மணி நேரம் ஓடிய பின் அவை இரண்டும் சூடாக இருக்க வேண்டும். கையை முழுவதுமாக வைத்து அழுத்தாமல் விரலால் தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடாகவும் மற்றது குளிராகவும் இருந்தால் ஹீட்டர் அடைபட்டிருக்கிறது. இரண்டும் உள்ளே போகாமல் ஒரு வளைந்த குழாயால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தால், முன்பிருந்த உரிமையாளர் ஒழுகிய ஹீட்டரைச் சரிசெய்யாமல் ஒதுக்கிவிட்டார் என்று பொருள். அந்த நிலையில் எந்தப் பேனலைப் பொருத்தினாலும் அது தலைவலிக்குத் தலையணையை மாற்றிய கதைதான்.

இவை சரியாகும்வரை கண்ணாடிக்கு ஆட்டோவை நம்பாதீர்கள். முன்கண்ணாடிப் பொத்தானை அழுத்தி, ஏசி விளக்கு எரிவதை உறுதிசெய்து, வெளிக்காற்று உள்ளே வரும் நிலையில் வைத்து, வெப்பநிலையைக் கூட்டுங்கள். காற்றிலுள்ள ஈரத்தைக் கூலிங் கொயில் உறிஞ்ச, சூடு கண்ணாடியை உலர்த்தும். வெப்பநிலையைக் குறைத்துக் குளிர்காற்றைக் கண்ணாடியில் அடிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அப்போது ஆவி கண்ணாடியின் வெளிப்புறத்தில் படியும், வைப்பர் போட்டால்தான் போகும்.

கேள்வி: ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்கும்போது, அவிசாவளையைத் தாண்டியதும் எனது டொயோட்டாவின் ஆட்டோ ஏசியில் 20 பாகை வைத்தாலும் சில வேளைகளில் சூடான காற்று வருகிறது, 18க்குக் குறைத்தால் திடீரென்று நடுங்க வைக்கிறது. கேஸ் சரியாக இருக்கிறதாம். டாஷ்போட்டுக்குள் 'டக் டக்' என்ற சத்தமும் கேட்கிறது. கணினிப் பரிசோதனை செய்ய எங்கே செல்ல வேண்டும்?
– வாசகர், ஹட்டன்

பதில்: எங்கும் செல்ல வேண்டியதில்லை. திரையுள்ள பல பழைய டொயோட்டாக்களில் அந்தப் பரிசோதனை பேனலுக்குள்ளேயே இருக்கிறது. ஆட்டோ பொத்தானையும் உட்காற்றுச் சுழற்சிப் பொத்தானையும் ஒருசேர அழுத்திப் பிடித்தபடி சாவியை ஓன் நிலைக்குத் திருப்புங்கள். விளக்குகள் நான்கு முறை மின்னிய பின் திரையில் இலக்கங்கள் தோன்றும். 00 என்றால் குறையில்லை. 11 அறை வெப்பநிலை உணரி, 12 வெளி வெப்பநிலை உணரி, 13 கூலிங் கொயில் உணரி, 21 வெயில் உணரி, 31 சூடும் குளிரும் கலக்கும் கதவின் நிலையை அறிவிக்கும் உணரி. வெயில் உணரி ஒளியைப் பார்த்து வேலை செய்வது; ஆகையால் கராஜின் இருட்டுக்குள் பார்த்துவிட்டு 21 வருகிறதென்று அதை மாற்றிவிடாதீர்கள், காரை வெளிச்சத்துக்கு எடுத்து மீண்டும் பாருங்கள். வெளியேற ஓஃப் பொத்தான் போதும்.

இலக்கங்களைப் பார்த்த பின் உட்காற்றுச் சுழற்சிப் பொத்தானை அழுத்தினால், பேனல் ஒவ்வொரு கதவையும் முறைப்படி அசைத்துக் காட்டும். காற்றுவரும் துளையில் கையை வைத்துக் குளிர் படிப்படியாகச் சூடாக மாறுகிறதா என்று கவனியுங்கள். ஓரிடத்தில் தயங்கி, 'டக்' என்ற சத்தத்துடன் தாவினால், கதவை இயக்கும் சிறிய மோட்டாரின் பிளாஸ்டிக் பற்சக்கரத்தில் பல் உடைந்திருக்கும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு அதுவே தோன்றுகிறது. இந்த மோட்டாருக்குள் நிலையைச் சொல்லும் ஒரு கரித்தடம் உண்டு. அது தேய்ந்தாலும் 20க்கும் 18க்கும் இடையே நீங்கள் காண்பது போன்ற தாவல் வரும். கொழும்பு பஞ்சிகாவத்தையிலுள்ள உதிரிப்பாகக் கடைகளில் பாவித்த மோட்டார் கிடைக்கும், ஆனால் வடிவத்தைப் பார்த்து வாங்காமல் உடலில் அச்சிட்டுள்ள பாக இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். வெளியில் ஒரேமாதிரி இருக்கும் இரண்டு மோட்டார்கள் எதிரெதிர்த் திசையில் சுழலக்கூடும்.

மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. டாஷ்போட்டில், ஸ்டியரிங் அருகே, விரல்நுனி அளவிலான சிறிய வலைத்துளை ஒன்றைக் காண்பீர்கள். அறையின் காற்றை மெல்ல உறிஞ்சி அதன் சூட்டை அளப்பது அதற்குப் பின்னாலுள்ள உணரியின் வேலை. புளோவரை ஓடவிட்டு, டிஷூ பேப்பரின் சிறு துண்டை அத்துளையில் வைத்தால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்துவிட்டால் பின்புறமுள்ள உறிஞ்சுகுழாய் கழன்றிருக்கும், அல்லது துளை தூசியால் அடைபட்டிருக்கும். தொழிற்சாலை வாசலில் நிறுத்திவைக்கும் கார்களில் தேயிலைத் தூசே இதற்குப் போதும். உறிஞ்சாத உணரி, அறையின் காற்றை அளக்காமல் வெயிலில் காய்ந்த டாஷ்போட்டின் சூட்டை அளந்து, பேனலுக்குப் பொய் சொல்லும். உணரியைக் கழற்றி மல்ட்டி மீற்றரில் பார்த்தால், பல டொயோட்டாக்களில் 25 பாகையில் ஏறத்தாழ 1,700 ஓம் காட்டும். கையில் பொத்திப் பிடித்தால் அந்த எண் இறங்க வேண்டும்.

பேனலே பழுதாவதும் உண்டு. சில பொத்தான்கள் வேலை செய்யாமை, திரை மங்குதல், டாஷ்போட்டைத் தட்டினால் உயிர்பெறுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். அப்போதும் பெரும்பாலும் ஈயப்பற்றில் விழுந்த வெடிப்பாகவோ ஈரத்தால் பச்சை பிடித்த இணைப்பாகவோதான் இருக்கும். பொறுமையான தொலைக்காட்சி திருத்துநர் ஒருவரால் அதைச் சரிசெய்ய முடியும்.

கேள்வி: ஒவ்வொரு ஆண்டும் ஏசிக்குக் கேஸ் அடிக்கிறேன். இம்முறை கேஸ் அடிக்கும் முன் குழாய்களிலுள்ள காற்றை அகற்ற வேக்குவம் பம்பினால் இழுத்தபோது மீற்றர் 26 அங்குலத்தைத் தாண்டவில்லை. பம்பு பழுது, கொழும்பில் செய்யுங்கள் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: பம்பு நன்றாகவே இருக்கலாம். 29, 30 அங்குலம் என்பது கடல் மட்டக் கணக்கு. பண்டாரவளை ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளிமண்டல அழுத்தமே குறைவு என்பதால், முழு வெற்றிடத்திலும் அந்த மீற்றர் 26க்கு அருகில்தான் நிற்கும். நுவரெலியாவில் 24ஐத் தாண்டாது. பம்பை நிறுத்திய பின் அரை மணி நேரம் முள் அசையாமல் நிற்கிறதா என்பதே பார்க்க வேண்டியது.

கேஸ் தேய்ந்து தீரும் பொருளல்ல. ஆண்டுதோறும் குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. குழாய்ப் பொருத்துகளில் எண்ணெய்ப் பிசுக்குடன் தூசி ஒட்டியிருக்கும் இடத்தை முதலில் சந்தேகியுங்கள். மேலும், ஆர்134ஏ கேஸுக்கு டொயோட்டா கூறும் அழுத்த அளவுகள் 30 முதல் 35 பாகை வரையிலான காற்றுக்கு உரியவை. உங்கள் ஊரின் குளிரில் அந்த அளவு வரும்வரை அடித்தால் கேஸ் மிகையாகி, தாழ்நிலத்துக்கு இறங்கியதும் கொம்ப்ரசர் திணறும். போனட்டின் உட்புறத்திலுள்ள ஸ்டிக்கரில் கிராம் கணக்கு இருக்கும். அதன்படி கேஸை எடைபோட்டு அடிப்பவரிடமே கொடுங்கள்.

கேள்வி: ஏசி போட்டால் இடப்பக்க இருக்கையின் கீழே தண்ணீர் தேங்குகிறது, நாற்றமும் அடிக்கிறது. மழைநீரா?
– வாசகர், ஹப்புத்தளை

பதில்: ஏசி போட்டால் மட்டும் என்கிறீர்கள், அப்படியாயின் மழைநீரல்ல, கூலிங் கொயிலில் ஊறும் நீர். அது வெளியேறும் சிறிய றப்பர் குழாய் காரின் அடியில் சேற்றால் அடைபட்டிருக்கும். கீழிருந்து மெல்லிய பிளாஸ்டிக் குழாயினால் மெதுவாகக் குத்திவிடுங்கள், கம்பி வேண்டாம். பிறகு டாஷ்போட்டின் பெட்டியைக் கழற்றி, அதன் பின்னாலிருக்கும் காற்று வடிகட்டியை மாற்றுங்கள். தரைவிரிப்பைக் கழற்றி அடியிலுள்ள பஞ்சை நன்றாகக் காயவையுங்கள். அந்தப் பஞ்சு ஈரமாக இருக்கும்வரை, காலையில் கண்ணாடி மங்குவதும் நிற்காது.