வாசலில் தொங்கிய கேடயம்

கேள்வி: ராத்சைல்ட் (ஜெர்மன் மொழியில் 'சிவப்புக் கேடயம்') குடும்பத்தின் உண்மையான பெயர் 'பாவர்' என்றும், சிவப்புக் கேடயம் ஒரு ரகசியச் சங்கத்தின் சின்னம் என்பதால் வங்கியதிபர் மாயர் ஆம்ஷெல் அந்தப் பெயருக்கு மாறினார் என்றும் வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் ஆண்டுக் கணக்கையாவது பார்த்திருக்கலாம். மாயர் ஆம்ஷெல் பிறந்தது 1744இல். அவருடைய முன்னோர் ஐசக் எல்கானன், ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரின் யூதர் தெருவில் 'சிவப்புக் கேடயம்' என்ற வீட்டில் குடியிருந்தது 1560களில். கொள்ளுத் தாத்தாவுக்கும் முந்தைய காலத்துப் பெயரைப் பேரன் எப்படி ரகசியமாகச் சூட்டிக்கொள்வது?

1462 முதல் அந்நகர யூதர்கள் அனைவரும் அந்த ஒரே சந்துக்குள் அடைக்கப்பட்டார்கள். நீளம் சுமார் 330 மீட்டர். அகலம் பல இடங்களில் நான்கு மீட்டர்கூடத் தேறாது. இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வாயிற்கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். வீடுகளுக்கு எண் கிடையாது. கப்பல், சட்டி, பச்சைக் கேடயம் என்று வாசலில் ஒரு சின்னம் தொங்கும். அதைச் சொல்லித்தான் ஆளையும் அழைப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 17ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் குடும்பம் சிவப்புக் கேடயத்தைக் காலி செய்துவிட்டு, சட்டிச் சின்ன வீட்டின் பின்கட்டுக்குக் குடிபோய்விட்டது. மாயர் ஆம்ஷெல் பிறந்ததும் அங்கேதான். தெரு வழக்கப்படி அவர் 'சட்டி வீட்டார்' ஆகியிருக்க வேண்டும்; பழைய பெயரே ஒட்டிக்கொண்டது. பழைய நாணய வியாபாரத்தில் காசு சேர்த்துப் பின்னாளில் பச்சைக் கேடய வீட்டுக்கு மாறியபோதும் பெயர் சிவப்பாகவே இருந்தது. வியன்னா, லண்டன், பாரிஸ், நேப்பிள்ஸ் என்று பிள்ளைகள் வங்கி நடத்திய காலத்திலும், அவர் மனைவி கூட்லே அந்தச் சந்து வீட்டை விட்டு நகரவில்லை. 1849இல் இறக்கும் வரை அங்கேதான் வாழ்ந்தார். உலகை ஆட்டிப்படைக்கும் சதிகாரக் குடும்பத்தின் தலைவிக்கு நல்ல மாளிகைதான்!

ஆஸ்திரிய அரசு 1822இல் பிரபுப் பட்டம் தந்தபோது, குடும்பச் சின்னத்தின் நடுவே ஒரு சிவப்புக் கேடயத்தைப் பொறித்தார்கள். பெயரிலிருந்து பிறந்தது அந்தச் சின்னம். வாட்ஸ்அப் பண்டிதர்கள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அதே தெருவில் 'கறுப்புக் கேடயம்' என்றும் ஒரு வீடு இருந்தது. அதிலிருந்து வந்த குடும்பப் பெயர் ஸ்வார்ஸ்சைல்ட். ஃபிராங்ஃபர்ட்டில் 1873இல் பிறந்த இயற்பியலர் கார்ல் ஸ்வார்ஸ்சைல்டின் பெயரால்தான் கருந்துளையின் எல்லை இன்றும் குறிக்கப்படுகிறது. கறுப்பு, கேடயம், கருந்துளை என்று சதிக்கதைக்கு வேண்டிய சரக்கெல்லாம் தயார். ஆனால் யாரும் அவரைத் தொடவில்லை. அவர் வங்கி வைத்திருக்கவில்லையே.