வகுப்பறைக்குள் துப்பாக்கி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகனுக்கு டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அங்கே மாணவர்கள் துப்பாக்கியோடு வகுப்பில் உட்காரலாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நிஜமா?
(ஒரு தாய்)

பதில்: நிஜம்தான் அம்மா. ஆனால் அந்தச் செய்தி பாதியைத்தான் சொல்கிறது. அமெரிக்காவில் இதைக் கேம்பஸ் கேரி என்கிறார்கள். டெக்சாஸ் சட்டம் அரசுப் பல்கலைக்கழகங்களில் 2016 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்தது, இரண்டாண்டுக் கல்லூரிகளில் அடுத்த ஆண்டு. உரிமம் வைத்திருப்பவர் கைத்துப்பாக்கியை வெளியே தெரியாமல் வைத்துக்கொண்டு வளாகத்துக்குள் வரலாம், வகுப்பிலும் உட்காரலாம். வெளியே தெரிகிற மாதிரி மாட்டிக்கொண்டு வரக் கூடாது. 2021-லிருந்து அந்த மாநிலத்தில் பெரும்பாலான பொது இடங்களில் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் இன்னும் உரிமம் கட்டாயம். சில ஆய்வகங்கள், மருத்துவப் பகுதிகள் என்று சில இடங்களை நிர்வாகம் விலக்கி வைக்கலாம், ஆனால் வளாகம் முழுவதற்கும் தடை போட முடியாது. தனியார் பல்கலைக்கழகங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. ரைஸ், பேய்லர், எஸ்.எம்.யூ. போன்றவை வேண்டாம் என்று சொல்லிவிட்டன.

அந்தத் தேதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1966 ஆகஸ்ட் 1 அன்று, ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒருவன் சுட்டுப் பத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றான். சரியாக ஐம்பதாவது நினைவு நாளில் அதே வளாகத்துக்குள் துப்பாக்கி சட்டப்படி வந்தது. அன்று அங்கே அஞ்சலிக்கு வந்திருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனக்கிறது.

கேள்வி: நான் எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் படிக்கிறேன். அறையில் கூட இருக்கும் அமெரிக்க நண்பனிடம் துப்பாக்கி இருக்கிறது. என் பாதுகாப்புக்கு நானும் ஒன்று வாங்கலாமா?
(ஒரு முதுநிலை மாணவர்)

பதில்: வேண்டாம் தம்பி. மாநிலம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் கூட்டாட்சிச் சட்டம் உங்களைத் தடுக்கிறது. எஃப்-1, எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம், அதிகபட்சம் 15 ஆண்டு சிறை. வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு என்று ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பிடித்துக்கொண்டு யாராவது யோசனை சொன்னால் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் ஓர் அடி எடுத்து வைக்காதீர்கள். நண்பர்களோடு வார இறுதியில் துப்பாக்கி சுடும் இடத்துக்குப் போய் வாடகைக்கு வாங்கிச் சுடுவதற்கும் இதே எச்சரிக்கைதான், அதைக் கையில் எடுப்பதே வைத்திருப்பதாக எடுத்துக்கொள்ளப்படலாம். ஒரு போட்டோவுக்காகப் படிப்பையும் விசாவையும் பணயம் வைக்காதீர்கள்.

அறை நண்பனின் துப்பாக்கி அவனுடைய பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும், சாவியோ எண்ணோ உங்களுக்குத் தெரியவே வேண்டாம். கையெட்டும் தூரத்தில், நீங்களும் எடுக்கக்கூடிய இடத்தில் இருந்தால் அது உங்கள் வசம் இருந்ததாகவும் வழக்குப் போட வழி இருக்கிறது. விடுதி என்றால் துப்பாக்கி பற்றிய விதி என்ன என்று ஹவுசிங் அலுவலகத்தில் கேளுங்கள். மனசுக்கு ஒப்பவில்லை என்றால் அறை மாற்றிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

கேள்வி: வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒருவர் கையிலாவது துப்பாக்கி இருந்திருந்தால் அத்தனை பேர் செத்திருப்பார்களா? தடை போட்டதால்தானே எல்லோரும் நிராயுதபாணியாக மாட்டிக்கொண்டார்கள்?
(ஒரு வாசகர்)

பதில்: இதே கேள்வியோடுதான் 2007-ல் அமெரிக்க மாணவர்கள் சிலர் வளாகங்களில் துப்பாக்கிக்கு அனுமதி கேட்டு ஓர் இயக்கமே தொடங்கினார்கள். அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக்கில் ஒரு மாணவன் சுட்டதில் 32 பேர் கொல்லப்பட்டார்கள். அதில் ஒருவர் நம்ம கோபிசெட்டிபாளையம் பக்கத்து ஊரில் பிறந்த பேராசிரியர் லோகநாதன், நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்பறையிலேயே இறந்தார். அதனால் உங்கள் கேள்வியை நான் தள்ளிவிடப் போவதில்லை.

உங்கள் பக்கத்துக்கு ஓர் உதாரணமும் இருக்கிறது. 2002-ல் வர்ஜீனியாவின் அப்பலேச்சியன் சட்டக் கல்லூரியில் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றவனைப் பிடித்த மாணவர்களில் இருவர் தங்கள் காரிலிருந்து துப்பாக்கி எடுத்து வந்தவர்கள். ஆனால் அந்த இருவரும் போலீஸ் பயிற்சி பெற்றவர்கள், அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எஃப்.பி.ஐ. 2000 முதல் 2013 வரை நடந்த 160 துப்பாக்கித் தாக்குதல்களை எடுத்து ஒவ்வொன்றும் எப்படி முடிந்தது என்று பார்த்தது. போலீஸ் அல்லாத, ஆயுதம் வைத்திருந்த ஒருவர் திருப்பிச் சுட்டதால் முடிந்தவை 5. அந்த ஐந்திலும் நான்கில் சுட்டவர்கள் காவல் பணியில் இருந்த ஆயுதக் காவலர்கள், உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்த சாதாரண குடிமகன் ஒரே ஒருவர். ஆயுதமே இல்லாதவர்கள் பாய்ந்து மடக்கிப் பிடித்ததால் முடிந்தவை 21! இந்தக் கணக்கைப் படித்த பிறகு 'ஒருவர் கையில் இருந்திருந்தால்' என்கிற வாதத்தில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

இன்னொன்று. 2015-ல் ஒரிகான் மாநிலத்தின் அம்ப்குவா கல்லூரியில் 9 பேர் கொல்லப்பட்ட அன்று, வளாகத்தின் வேறு கட்டடத்தில் துப்பாக்கி வைத்திருந்த ஒரு முன்னாள் ராணுவ வீரர் இருந்தார். அவர் ஓடிப் போகவில்லை, ஏனென்றால் வந்து சேரும் போலீஸ் தன்னையே கொலைகாரன் என்று நினைத்துச் சுட்டுவிடலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பயிற்சி பெற்றவரே அப்படி நிதானித்தார் என்றால், வேதியியல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் இருபத்தோரு வயதுப் பையன் அலறலுக்கும் புகைக்கும் நடுவில் யாரைச் சுடுவான்?

வர்ஜீனியா டெக்கில் தவறு நடந்த இடங்கள் வேறு. கொலைகாரனால் அவனுக்கே ஆபத்து என்று 2005-லேயே ஒரு நீதிமன்றம் சொல்லி, சிகிச்சைக்கு உத்தரவிட்டிருந்தது. அந்தத் தகவல் துப்பாக்கி வாங்குபவர்களைச் சரிபார்க்கும் பட்டியலுக்குப் போய்ச் சேரவில்லை, அவன் கடையில் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். அன்று காலை ஏழேகால் மணி வாக்கில் விடுதியில் இருவர் சுடப்பட்டார்கள், மாணவர்களுக்கு மின்னஞ்சல் போனது 9:26-க்கு. அடுத்த சில நிமிடங்களில் நாரிஸ் ஹால் என்ற வகுப்பறைக் கட்டடத்தில் 30 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்துத்தான் நான் கோபப்படுகிறேன்.

கேள்வி: எல்லா மாநிலங்களிலும் இதே சட்டமா?
(ஒரு கல்லூரி மாணவி)

பதில்: இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். யூட்டா 2004-லேயே அனுமதித்துவிட்டது. ஐடஹோ, கான்சாஸ், ஜார்ஜியா, ஆர்கன்சா, 2024-ல் மேற்கு வர்ஜீனியா என்று வரிசை நீள்கிறது. ஜார்ஜியாவில் விடுதிகள், விளையாட்டு அரங்குகள், பேராசிரியர் அறைகள் விலக்கு. டென்னசியில் முழுநேர ஊழியர்களுக்கு மட்டும் அனுமதி, மாணவர்களுக்குக் கிடையாது. கலிபோர்னியா, நியூயார்க், புளோரிடா தடை செய்திருக்கின்றன. கொலராடோ பல ஆண்டுகள் அனுமதித்துவிட்டு 2024-ல் தடைக்குத் திரும்பியது. சேரும் முன் அந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் இப்போதைய விதியைப் பார்த்துவிடுங்கள், இவை அடிக்கடி மாறுகின்றன.

கேள்வி: உரிமம் வாங்கியவர்கள் சட்டத்தை மதிப்பவர்கள்தானே? அவர்களால் என்ன ஆபத்து வந்துவிடும்?
(ஒரு தந்தை, மகள் கான்சாஸில்)

பதில்: பெரும்பாலோர் ஒழுங்கானவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒழுங்கானவருக்கும் கை தவறும். ஐடஹோவில் சட்டம் வந்த சில மாதங்களிலேயே, 2014-ல், வகுப்பு நடத்திக்கொண்டிருந்த ஒரு பேராசிரியரின் பாக்கெட்டில் இருந்த துப்பாக்கி வெடித்து அவர் காலிலேயே காயம்.

என்னை அதிகம் பயப்பட வைப்பது இது இல்லை. அமெரிக்காவில் 2021-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், அதாவது பாதிக்கு மேல். துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் பிழைப்பதில்லை, வேறு வழிகளில் முயன்றவர்களில் மிகப் பலர் பிழைத்து, பிறகு நன்றாகவே வாழ்கிறார்கள். பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரை எப்படிப்பட்ட வயது என்று உங்களுக்கே தெரியும். தேர்வில் தோல்வி, காதல் முறிவு, ஊரை விட்டு வந்த தனிமை, உதவித்தொகை நின்றுபோன அதிர்ச்சி எல்லாம் ஒரே செமஸ்டரில் வரலாம். அந்த ஒரு மோசமான ராத்திரியில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் ஒருவர் காலையைப் பார்ப்பதையே தீர்மானிக்கிறது. மறைத்து எடுத்துச் செல்லலாம் என்று அனுமதித்தால் பகலில் பையில் இருக்கும் துப்பாக்கி ராத்திரியில் அறைக்குத்தானே வரும்?

அப்புறம் ஆசிரியர்கள். 2016-ல் கலிபோர்னியாவின் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் முன்னாள் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தன் வழிகாட்டிப் பேராசிரியரையே சுட்டுக் கொன்றார். அங்கே தடை இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மதிப்பெண் விஷயத்தில் ஒரு பேராசிரியர் கறாராகப் பேசும்போது எதிரில் இருப்பவரிடம் என்ன இருக்கிறதோ என்ற எண்ணம் வந்துவிட்டால், அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். டெக்சாஸில் மூன்று பேராசிரியர்கள் இதைச் சொல்லித்தான் வழக்குப் போட்டார்கள். வழக்குத் தொடுக்கும் தகுதி அவர்களுக்கு இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-ல் தள்ளிவிட்டது. அவர்கள் பயம் மட்டும் தள்ளுபடி ஆகியிருக்காது.

கேள்வி: சரி, மகளை அனுப்புகிறோம். போனதும் அவள் செய்ய வேண்டியது என்ன?
(இன்னொரு வாசகி)

பதில்: முதல் வாரத்திலேயே பல்கலைக்கழகத்தின் அவசர எச்சரிக்கைச் சேவையில் அவளுடைய செல்போன் எண்ணைப் பதியச் சொல்லுங்கள், சில இடங்களில் பெற்றோர் எண்ணையும் சேர்க்கலாம். கிளெரி சட்டம் என்று ஒன்று இருக்கிறது, 1990-ல் வந்தது. அதன்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள் பாதுகாப்பு அறிக்கை வெளியிட வேண்டும், முந்தைய மூன்று ஆண்டுகளின் குற்றக் கணக்கு அதில் இருக்கும். அதை நீங்களும் படிக்கலாம், இலவசம்.

தாக்குதல் நடந்தால் அங்கே சொல்லிக்கொடுப்பது: முடிந்தால் ஓடு, முடியாவிட்டால் கதவைப் பூட்டி ஒளிந்துகொள், இரண்டும் முடியாத கட்டத்தில் மட்டும் எதிர்த்துப் போராடு. அடிக்கடி போகும் வகுப்பறைக் கதவு உள்ளிருந்து பூட்டுமா என்று ஒரு தடவை பார்த்து வைத்துக்கொண்டால் போதும், தினமும் பயந்துகொண்டிருக்க வேண்டாம். அவசரத்துக்கு 911. தனக்கோ தோழிக்கோ மனம் தாங்க முடியாமல் போனால் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண், எந்த நேரத்திலும் கூப்பிடலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், கட்டணம் இல்லை. தோழி ஒருத்தி சாவதைப் பற்றிப் பேசுகிறாள், அவளிடம் துப்பாக்கியும் இருக்கிறது என்று தெரிந்தால் ரகசியம் காக்கிறேன் என்று சும்மா இருக்கக் கூடாது, அன்றைக்கே பல்கலைக்கழக ஆலோசகரிடம் சொல்ல வேண்டும் என்று மகளிடம் சொல்லி அனுப்புங்கள்.