கைடு ஒரு நேரம், பட்டை ஒரு நேரம்

மாசக் கட்டணமில்லாத டிஷ்ஷுங்க. கைடு பட்டனை அமுக்கினா, ராத்திரி எட்டரை மணித் தொடர் மத்தியானம் மூணு மணிக்குன்னு காட்டுது. எங்க அப்பத்தா அதை நம்பி மூணு மணிக்கே வந்து உக்காந்துக்கறாங்க. தப்பு சேனல் மேலயா, பெட்டி மேலயாங்க?
— வாசகி, காங்கேயம்

பெட்டி மேலதாங்க. நேரம் சரியாக ஐந்தரை மணி பின்தங்கியிருக்கிறதே, அதிலேயே விஷயம் இருக்கிறது. கைடுக்கான நேரங்கள் டிவிபி என்னும் டிஜிட்டல் ஒளிபரப்பு முறையில் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில்தான் வரும். அதோடு 5:30 கூட்டி நம் நேரமாகக் காட்ட வேண்டியது பெட்டியின் வேலை. எவ்வளவு கூட்டுவது என்ற தகவலும் சிக்னலோடு தனியாக வரலாம். அது வரவில்லை, அல்லது பெட்டி அதைப் படிக்கவில்லை என்றால் நாம்தான் வைத்துக்கொடுக்க வேண்டும்.

மெனுவில் சிஸ்டம் செட்டிங், அதற்குள் டைம். ஜிஎம்டி என்ற இடத்தில் ஆட்டோவை எடுத்துவிட்டு +5:30 வையுங்கள். சம்மர் டைம் ஆஃபில் இருக்கட்டும். ஆனில் கிடந்தால் ஒரு மணி நேரம் கூடிவிடும். பிறகு பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

அரை மணி, முக்கால் மணி என்று பிசகினால் அது வேறு கோளாறு. கைடுப் பட்டியல் முன்கூட்டியே அனுப்பப்படுவது. கடைசி நேர மாற்றம் அதில் ஏறாமல் போகலாம். அந்த மாதிரி நாளில் திரைக்கு அடியில் சேனல் ஓட்டும் பட்டையைப் பாருங்கள். ஒளிபரப்பு அறையிலிருந்து கையோடு போடுவது அது.

உள்ளூர் கேபிள்ல சேனல் நடத்தறோமுங்க. மாரியம்மன் பண்டிகைக்குக் கம்பம் நடறதை நேரலையாப் போடறோம்னு ட்ரெய்லர் விட்டோம். பல ஊட்ல ஓரத்துல இருக்கற நேரம் வெட்டுப்படுது. கீழே ஓடற எழுத்தும் துள்ளுது.
— வாசகர், பெருந்துறை

வெட்டுக்குக் காரணம் ஓவர்ஸ்கேன். பல டிவிகள் படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரங்களை வெளியே தள்ளிவிடும். 1920×1080 படத்தில் ஒவ்வொரு பக்கமும் 5 சதவீதம் விடுங்கள்: இடம் வலம் 96 பிக்சல், மேல் கீழ் 54. உங்கள் கேபிள் கட்டுப்பாட்டு அறையில் பழைய 4:3 டிவிக்காக நடுப்பகுதியை மட்டும் வெட்டி அனுப்புகிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். அப்படியானால் இருபுறமும் 240 பிக்சல் அடியோடு போகும். நேரத்தை ஓரத்திலிருந்து 312 தள்ளித்தான் வைக்க வேண்டும்.

துள்ளலுக்கு வேகம்தான் காரணமாக இருக்கும். நம் நாட்டு ஒளிபரப்பு நொடிக்கு 25 ஃபிரேம், இன்டர்லேஸ் (ஒவ்வொரு ஃபிரேமையும் இரு பாதியாகப் பிரித்து அனுப்பும் முறை) என்றால் 50 ஃபீல்டு, அதாவது 50 பாதி. ஸ்க்ரோல் வேகம் நொடிக்கு 160 பிக்சல் என்று வைத்தால் ஃபிரேமுக்கு 6.4 பிக்சல் வருகிறது. அந்தப் புள்ளி நாலுதான் நடுக்கம். 50-ன் மடங்காக 150 அல்லது 200 வையுங்கள். 200-ல் ஓர் எழுத்து திரையைக் கடக்க 9.6 நொடி, முதியவர்களுக்கு 150 தேவலை. அப்படியும் துள்ளினால் கம்ப்யூட்டரின் ஹெச்டிஎம்ஐ வெளியீட்டைப் பாருங்கள். அது 60 ஹெர்ட்ஸிலேயே கிடக்கும்; 50-க்கு மாற்றுங்கள்.

ஒரு பிக்சல் கனமுள்ள படுக்கைக் கோடு இன்டர்லேஸில் மினுமினுக்கும். இரண்டு மூன்று பிக்சலாவது வேண்டும். ஹெச்டியில் அழகாகத் தெரியும் மெல்லிய எழுத்துரு, எஸ்டிக்குச் சுருங்கும்போது புள்ளியைத் தொலைத்துவிட்டு ‘கம்பம்’ என்பதைக் ‘கமபம’ ஆக்கிவிடும். தடித்த எழுத்தே போடுங்கள். கொம்பும் காலும் இடம் மாறி விழுகிற பழைய மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டாம். எழுத்தைப் பின்னணியில்லாத பிஎன்ஜி படமாகச் செய்து ஏற்றுவது சுலபம்.

ட்ரெய்லரின் கடைசிப் பலகை 5 நொடியாவது நிற்கட்டும். வாய்விட்டு இரண்டு தரம் படிக்க முடியாவிட்டால் அது போதாது. கிழமையும் நேரமும் பெரிதாக, ‘சனி இரவு 8 மணி’ என்றே இருக்கட்டும். 20:00 நம் வீடுகளுக்கு ஆகாது. அதே ட்ரெய்லருக்கு ‘சனி’, ‘நாளை’, ‘இன்று’, ‘அடுத்து’ என நான்கு வால் (கடைசித் துண்டு) செய்து வைப்பதுதான் பெரிய சேனல்களின் வழக்கம். உள்ளூரில் சறுக்குவது ‘நாளை’யில்தான். வெள்ளி நள்ளிரவு 12 தாண்டியும் அது ஓடிக்கொண்டிருந்தால், ஊர் ஞாயிற்றுக்கிழமைதான் டிவி முன்னால் உட்காரும். அன்றன்றைக்குப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தொடர் ஓடறப்பவே பாதித் திரைக்கு அடுத்த தொடர் ட்ரெய்லர் ஏறுது. இதுக்குக் கணக்கு வழக்கே இல்லீங்களா?
— வாசகி, அவினாசி

இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் கேபிள் டிவி விதிகளில் 7-வது விதி, ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்கிறது: வணிக விளம்பரம் 10, சேனல் தன்னைத் தானே சொல்லிக்கொள்ள 2. திரையின் கீழ்ப்பகுதியில் எழுத்து ஓட்டி நிகழ்ச்சியைக் கெடுக்கக் கூடாது என்றும் அதே விதியில் உண்டு. ஆனாலும் தொழிலில் ‘எல் பேண்ட்’ (பக்கமும் கீழுமாக எல் வடிவில் வரும் பட்டை), ‘ஆஸ்டன்’ (கீழே மட்டும் வரும் பட்டை) என்று பெயர் சொல்லி விற்கும் அளவுக்கு அது நடக்கிறது.

புகார் முதலில் சேனலுக்கே போக வேண்டும். 2021 திருத்தத்தின்படி 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் முடிவு தந்தாக வேண்டும். திருப்தியில்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் சேர்ந்துள்ள சுயக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். தேதி, நேரம், எத்தனை நொடி மறைத்தது என்று குறித்து அனுப்புங்கள். செல்போனில் திரையைப் படமெடுத்து இணைத்தால் இன்னும் நல்லது.