உண்ணிக் காய்ச்சலை ரத்த பிசிஆரில் மூன்றாம் நாளே பிடித்துவிடலாமா?

“காய்ச்சல் ஆரம்பித்து மூன்று நாள் ஆகிறது. உண்ணிக் காய்ச்சலோ என்று சந்தேகம். ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்தால் உறுதியாகத் தெரியுமா? ரிசல்ட் வரும்வரை மருந்து தொடங்காமல் இருக்கலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்படிக் கேட்பவர் சும்மா கேட்க மாட்டார். வீட்டில் யாரோ போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடக்கிறார்கள், டெங்கு இல்லை என்று வந்துவிட்டது, அடுத்து என்ன என்று தெரியவில்லை. அதனால் முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரத்தில் செய்ய வேண்டிய சோதனை நீங்கள் சொன்ன அந்த மரபணுப் பரிசோதனை, அதாவது பிசிஆர்தான். பாசிட்டிவ் வந்தால் நம்பலாம். நெகட்டிவ் வந்தால் உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று மட்டும் முடிவுகட்டாதீர்கள். ரிசல்ட்டுக்காக மருந்தைத் தள்ளிப்போடவும் வேண்டாம். மருத்துவரிடம் இன்றைக்கே பேசுங்கள்.

நான் மருத்துவர் இல்லை. “கூகுளில் படித்துவிட்டு வைத்தியம் சொல்கிறாயா” என்று யாராவது வருவார்கள், தெரியும். ஆனால் இது என் அம்மா உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன், சிகிச்சை கொடுத்த மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். காய்ச்சலில் யாரும் தானாக மாத்திரை வாங்கிப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

எங்களுக்குப் போளூர் பக்கம் ஒரு கிராமம். கார்த்திகையில் ஏரிக்கரையில் புல் முளைத்துக் கிடக்கும். அம்மா தினமும் பசுவுக்கு அங்கேதான் புல் அறுக்கப் போவார். காய்ச்சல் வந்ததும் ஊரில் ஊசி போட்டார்கள். நிற்கவில்லை. வைடால் சோதனை செய்து ‘டைபாய்டு’ என்றார்கள். பக்கத்து டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். தட்டணுக்கள் குறைந்திருந்ததால் டெங்கு பார்த்தார்கள், இல்லை. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி ஓடிக்கொண்டே இருந்தது, காய்ச்சலும் அப்படியே இருந்தது. கல்லீரல் என்சைம்கள் ஏறின. அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பித்தது.

அந்த நிலையில்தான் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்த பிசிஆர் அனுப்பினார்கள். வெளியூர் லேபிலிருந்து ரிசல்ட் வந்தது: நெகட்டிவ். “அது இல்லை, வேறு பார்ப்போம்” என்று அந்தச் சந்தேகத்தையே மூடிவிட்டார்கள். எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். இது வெறும் சந்தேகமாக இருந்த வரைக்குமாவது மருந்து கொடுக்க ஒரு வாய்ப்பு இருந்தது. நெகட்டிவ் என்ற காகிதம் வந்ததும் அதுவும் போயிற்று.

அம்மாவைக் காப்பாற்றியவர் இரவுப் பணிக்கு வந்த ஒரு வயதான நர்ஸம்மா. “வயல் வேலைக்குப் போவீங்களாம்மா?” என்று கேட்டவர், திரைச்சீலையை இழுத்துவிட்டு உடம்பு முழுக்கத் தேடினார். இடுப்பில், பாவாடை நாடா இறுக்கும் தடத்திலேயே இருந்தது, சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அதனால் அம்மாவுக்கே தெரியாது. அன்று இரவே மருத்துவரை வரவழைத்து, உண்ணிக் காய்ச்சலுக்கான மருந்தான டாக்சிசைக்ளினைத் தொடங்கவைத்தார். இரண்டாம் நாள் இரவு காய்ச்சல் இறங்கியது. அந்தப் பொருக்கிலிருந்து எடுத்து அனுப்பிய பிசிஆர் பிறகு பாசிட்டிவ் என்று வந்தது. ஒரே ஆள், ஒரே நோய், ஒரே தொழில்நுட்பம். ரத்தத்தில் கிடைக்காத கிருமி பொருக்கில் கிடைத்தது.

ஏன் அப்படி என்றால், இதில் தேடுவது நம்முடைய மரபணுவை இல்லை, ஒரியென்ஷியா சுட்சுகாமுஷி என்ற கிருமியின் மரபணுவை. அந்தக் கிருமி ரத்தத்தில் நீந்திக்கொண்டே இருப்பதில்லை. ரத்தக்குழாயின் உட்சுவரில் உள்ள செல்களுக்குள் போய்க் குடியிருக்கிறது. ரத்தத்தில் கொஞ்ச நாள்தான், அதுவும் கொஞ்சமாகத்தான் இருக்கும். நாம் எடுக்கும் சில மில்லி ரத்தத்தில் அது மாட்டலாம், மாட்டாமலும் போகலாம். சிற்றுண்ணி கடித்த இடத்தில் வருவதுதான் அந்தப் பொருக்கு, அதில் கிருமி குவிந்திருக்கும். அதனால் பொருக்கு கிடைத்தால் அதையும் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். மருந்து தொடங்கிய பிறகும் சில நாள் அதில் கிருமியின் மரபணு கிடைக்கும் என்கிறார்கள்.

ரத்தத்தைத்தான் அனுப்புகிறார்கள் என்றால், ஊதா மூடிக் குழாயில் முழு ரத்தமாகப் போகிறதா என்று கேளுங்கள். வெள்ளணுக்கள் படியும் அடுக்கில்தான் கிருமி கிடைக்க வாய்ப்பு அதிகம். உறையவிட்டுப் பிரித்த சீரத்தை மட்டும் அனுப்பினால் இருக்கிற வாய்ப்பும் குறையும். கேட்டால் லேப்காரர் முறைப்பார். பரவாயில்லை.

ஐஜிஎம் எலைசா என்பது நம் உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் புரதத்தைப் பார்ப்பது. அது தெரியவர 5 முதல் 7 நாள் ஆகும், சிலருக்கு இன்னும் தாமதமாகும். உங்கள் மூன்றாம் நாளில் அது நெகட்டிவ் வந்தால் அர்த்தமே இல்லை. வெய்ல் ஃபெலிக்ஸ் 1916-இல் வந்த பழைய சோதனை. வேறு வசதி இல்லாத இடங்களில் இன்னும் செய்கிறார்கள், ஆனால் நிறைய பேரைத் தவறவிட்டுவிடும். இந்தக் குறைகளெல்லாம் தெரிந்துதான் 2015-இல் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வெளியிட்ட வழிகாட்டுதலே, அறிகுறிகளை வைத்துச் சந்தேகம் வந்தால் சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறது. மருந்தும் அபூர்வமானது இல்லை. பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, பொதுவாக 7 நாள். ஒரு மாத்திரை சில ரூபாய்தான். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியே கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. அம்மாவுக்கு மணிக்கணக்கில் ஓடிய செஃப்ட்ரியாக்சோன் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது.

“எல்லாக் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் கொடுக்கச் சொல்கிறாயா?” என்று கேட்பவர்களுக்கு: இல்லை. புதர், புல், வயல், ஏரிக்கரை பக்கம் போனவர். மழைக்குப் பிந்தைய மாதங்கள். விடாத காய்ச்சல், கடும் தலைவலி, தட்டணுக் குறைவு. இவ்வளவும் சேர்ந்திருப்பவரைப் பற்றித்தான் பேசுகிறேன். இதைப் பரப்புவது நாய், மாட்டு உண்ணி இல்லை, புதரில் இருக்கும் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் லார்வா. கடித்தது யாருக்கும் ஞாபகம் இருக்காது. ‘பூச்சி எதுவும் கடிக்கவில்லையே’ என்று நோயாளி சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்துக்கு அடியில், காதுக்குப் பின்னால் எல்லாம் வெளிச்சத்தில் தேடுங்கள். நம் நிறத்துக்கு அது எளிதில் கண்ணில் படாது. எல்லோருக்கும் பொருக்கு வருவதும் இல்லை.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மாவின் மருத்துவக் காப்பீட்டில் அந்த இரண்டு பிசிஆர் செலவையும் வெட்டிவிட்டார்கள். ‘சிகிச்சைக்குத் தேவையற்ற பரிசோதனை’யாம். பொருக்கைச் சோதித்ததால்தான் நோயே உறுதியானது. வருடா வருடம் பிரீமியத்தை ஒரு நாள் தாமதமில்லாமல் கட்டிய குடும்பம் நாங்கள். கடிதம் எழுதினேன், போனில் பேசினேன், ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுத்து முதலிலிருந்து கதை கேட்டார். நர்ஸம்மாவுக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்தது, ஃபைலைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் புரியவில்லை. பணத்தைவிட ‘தேவையற்ற’ என்ற அந்தச் சொல்தான் வலிக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ வீட்டில் வைத்திருக்காதீர்கள், அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். குணமான பிறகு யாராவது மறுபடி ஐஜிஎம் எடுக்கச் சொல்லி அது பாசிட்டிவ் என்று வந்தால் பயப்பட வேண்டாம். நோய் போனபின்னும் அது மாதக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும்.