கூண்டேறிய கதைகள்: வாசகர் கேள்வி – பதில்

செஷன்ஸ் கோர்ட்டில் 29 வருடம் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலைக்குப் போன காலத்தில் பையில் டிபன் பாக்ஸ் இருக்கும், அதற்கு அடியில் ஒரு மாத நாவல் இருக்கும். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் க்ரைம் கதைகளைப் பற்றியே இருந்ததால், அவற்றுக்கு மட்டும் பதில்.

புத்தகக் கண்காட்சியில் புது க்ரைம் நாவல்கள் குவிந்து கிடக்கின்றன. எல்லாவற்றின் பின்னட்டையிலும் 'கீழே வைக்க முடியாது' என்றுதான் போட்டிருக்கிறது. எதை நம்பி வாங்குவது? (வாசகி, கரூர்)

பின்னட்டையை நம்பாதீர்கள், அது விற்கிறவர் பேச்சு. நான் கடையில் நின்றபடியே, யாராவது யாரையாவது விசாரிக்கிற இடமாகத் தேடி இரண்டு பக்கம் படிப்பேன். இன்ஸ்பெக்டர் கேட்கிற கேள்விக்கெல்லாம் எதிராளி ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டே போனால் புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். கூண்டில் ஏறுகிற மனிதர்கள் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

ஒரு கொலை வழக்கு. ஊரும் வருடமும் வேண்டாம். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் சாட்சி. சம்பவத்தன்று மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கே இருந்தீர்கள் என்று அரசு வக்கீல் கேட்டார். "கோயிலுக்குப் போயிருந்தேங்க" என்றார். யாரும் கண்டுகொள்ளவில்லை. நானும் ஆவணங்களுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தேன். குறுக்கு விசாரணைக்கு எழுந்த வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, மத்தியானம் ரெண்டு மணிக்கு எந்தக் கோயில்ல நடை திறந்திருக்கு?"

அந்த அம்மாள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார். கொலைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மருமகளின் சங்கிலியைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போயிருக்கிறார். அந்த மருமகள் அன்றைக்குக் கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சங்கிலிக்காகச் சொன்ன பொய், கொலை வழக்கையே ஆட்டிவிட்டது.

நான் நாவலில் தேடுவது இந்த அம்மாளைத்தான். கதையில் பத்துப் பேர் பொய் சொல்லட்டும். ஒன்பது பேர் மானத்துக்கும் கடனுக்கும் மாமியாருக்கும் பயந்து சொல்கிறார்கள், ஒருவன் மட்டும் கொலையை மறைக்கச் சொல்கிறான். அந்த ஒன்பதையும் ஒழுங்காக எழுதத் தெரிந்தவருக்குத்தான் பத்தாவதை ஒளித்து வைக்க இடம் கிடைக்கும். இன்னொன்றும் கவனியுங்கள். மத்தியானம் நடை சாத்தியிருக்கும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். துப்பு கண் முன்னாலேயே கிடந்தது, நான் தாண்டிப் போய்விட்டேன். புத்தகத்திலும் அப்படி ஏமாந்தால் கோபமே வராது.

ட்விஸ்ட் இல்லாத த்ரில்லரைப் படிக்க முடியுமா? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

தாராளமாக. ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் 'சஸ்பெக்ட் எக்ஸ்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் வந்தது, நவோகி பரிசு வாங்கியது. யார் கொன்றது, யாரைக் கொன்றார்கள், பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் எதற்கு உதவ வருகிறார் எல்லாம் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். அதற்கு அப்புறமும் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார வைத்தது. ரகசியத்தையெல்லாம் கொட்டிவிட்டான், இனி என்ன மிச்சம் என்று நாம் நினைக்கிறோம் பாருங்கள், அந்த நினைப்பில்தான் அவர் கை வைக்கிறார். இதற்கு மேல் சொன்னால் படிக்காதவர்கள் என்னைத் திட்டுவார்கள்.

திருப்பம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வானத்திலிருந்து விழுகிற திருப்பம் வேண்டாம். ரொனால்ட் நாக்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் துப்பறியும் கதைகளும் எழுதியவர். 1929-இல் இந்த வகைக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் போட்டார். முன்கூட்டியே கோடி காட்டாமல் இரட்டைப் பிறவியைக் கொண்டுவராதே என்பது அதில் ஒன்று. போன மாதம் படித்த ஒரு தமிழ் நாவலில் 212-ஆம் பக்கத்தில் அண்ணன் ஒருவன் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கினான், தம்பியின் அதே முகத்தோடு. புத்தகத்தை மூடிவிட்டுக் காபி போடப் போய்விட்டேன்.

செல்போனும் சிசிடிவியும் வந்த பிறகு துப்பறிய என்ன இருக்கிறது? (வாசகர், தேனி)

பல எழுத்தாளர்களுக்கும் இந்தப் பயம் இருக்கிறது. அதனால்தான் கொலை நடக்கிற வீட்டில் எப்போதும் சிக்னல் கிடைப்பதில்லை, கேமரா சரியாக முந்தின நாள் ரிப்பேர் ஆகிவிடுகிறது. சோம்பேறித்தனம்.

நிஜத்தில் போன் கதையைக் கொல்லவில்லை, சிக்கலாக்கியிருக்கிறது. கால் ரெக்கார்டு எடுத்தால் போன் எந்த டவருக்குக் கீழே இருந்தது என்று தெரியும். அதைக் கையில் வைத்திருந்தது யார் என்று தெரியாது. மச்சானிடம் போனைக் கொடுத்துக் கல்யாண வீட்டுக்கு அனுப்பிவிட்டு இவன் வேறெங்கோ போயிருக்கலாம். அப்புறம், அந்த ரெக்கார்டு கோர்ட் வாசலைத் தாண்ட வேண்டும். மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 65-பி, புதியதில் பிரிவு 63. ஒரிஜினல் கருவியையே கொண்டுவந்து நிரூபித்தால் தவிர, சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கேமராவில் முகம் பளிச்சென்று தெரிகிறது, ஆனால் கையிலிருப்பது காப்பி, ஒரு பக்கச் சான்றிதழ் இல்லை. இதில் ஒரு நாவலே இருக்கிறது. யாராவது எழுதுங்கள், முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.

நான் ஒரு க்ரைம் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். சட்டப் பிழை வராமல் எழுத என்ன செய்யலாம்? (வாசகி, சேலம்)

நல்லது. முதலில் நீதிபதியின் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கிவிடுங்கள். அது சினிமாவில் மட்டும்தான் இருக்கிறது, நம் கோர்ட்டில் கிடையாது.

2024 ஜூலை 1-க்குப் பிறகு நடக்கிற கொலை என்றால் 302 என்று எழுதாதீர்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 103. அதற்கு முந்தைய கொலைக்கு இன்றைக்கும் 302-தான். அந்தத் தேதிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு கொலை செய்கிற ஆளைப் படைத்தீர்கள் என்றால் இரண்டு எண்ணும் வரும், கவனம்.

ஸ்டேஷனில் அடி தாங்காமல் "நான்தான் சார் செஞ்சேன்" என்று கதறியதோடு கதையை முடிக்காதீர்கள். போலீசிடம் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. அவன் சொல்லித் தோண்டி எடுத்த கத்தி இருக்கிறதே, அந்தக் கண்டுபிடிப்புக்கு நேராக இட்டுச் சென்ற வார்த்தைகள் மட்டும் செல்லும். அதனால்தான் நம் ஊர் வழக்குகளில் வி.ஏ.ஓ.வும் தலையாரியும், பொருளைக் கைப்பற்றியதைப் பதிவு செய்கிற மகஜரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் சாட்சி சொல்ல அலைகிறார்கள். எனக்குத் தெரிந்த தலையாரி ஒருவர் ரிட்டையர் ஆன பிறகும் சம்மனைப் பையில் வைத்துக்கொண்டு வருவார், கூடவே ஒரு தூக்குவாளியில் மோர்.

உண்மை அறியும் ஊசி போட்டுக் கண்டுபிடிக்கிற இன்ஸ்பெக்டரும் வேண்டாம். சம்மதம் இல்லாமல் அந்தச் சோதனை கூடாது என்று செல்வி வழக்கில் 2010-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. கர்ச்சீப்பில் குளோரோஃபார்மைத் தெளித்து மூக்கில் வைத்ததும் ஆள் சரிவதும் பொய். அதற்குச் சில நிமிஷம் பிடிக்கும், அதுவரை அவள் சும்மாவா இருப்பாள்?

ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊர் செஷன்ஸ் கோர்ட்டில் ஒரு வாரம் போய் உட்காருங்கள். பெரும்பாலான வழக்குகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கொலை வழக்கில் பழுப்புக் கவரைப் பிரித்து 'ரத்தம் தோய்ந்த மண்', 'சாதா மண்' என்று இரண்டு டப்பாவை மேஜையில் வைப்பார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ரத்தம் படாத மண்ணையும் அதே இடத்திலிருந்து எடுத்திருப்பார்கள். அந்தச் சாதா மண் டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றை என்னவோ செய்யும். அதை எழுதிய நாவல் எதையும் இதுவரை நான் படிக்கவில்லை.

நிஜ வழக்குகளே இவ்வளவு இருக்கும்போது கற்பனை எதற்கு? (வாசகர், காரைக்குடி)

1952-இல் சென்னையில் நடந்த ஆளவந்தார் கொலை வழக்கைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பேனா வியாபாரி. தலையில்லாத உடல் டிரங்குப் பெட்டியில் ரயிலேறி, நாற்றம் தாங்காமல் மானாமதுரையில் திறக்கப்பட்டது. ராயபுரம் கடற்கரைப் பக்கம் தலை கிடைத்தது. அவர் முன்பு ராணுவத்தில் இருந்தவர் என்பதால் அங்கே பதிவாகியிருந்த கைரேகையை வைத்து அடையாளம் உறுதியானது. இதையே ஒருவர் நாவலாக எழுதிக்கொண்டு போனால், 'ராணுவக் கைரேகையா, சௌகரியமாக இருக்கிறதே' என்று எடிட்டர் அடித்துவிடுவார். நிஜத்துக்கு நம்ப வைக்கிற பொறுப்பு இல்லை, அது பாட்டுக்கு நடந்துவிட்டுப் போகும். நாவலாசிரியர் அவர் ராணுவத்தில் இருந்ததை இருபதாம் பக்கத்திலேயே, நாம் கவனிக்காத மாதிரி, ஒரு பழைய போட்டோவாகச் சுவரில் மாட்டியிருக்க வேண்டும்.

கொலைகாரன் யாரென்று எத்தனையாவது பக்கத்தில் கண்டுபிடிப்பீர்கள்? (வாசகர், புதுச்சேரி)

பெரும்பாலும் தப்பாகத்தான்.

உங்கள் வீட்டம்மாவும் க்ரைம் நாவல் படிப்பார்களா? (வாசகி, மதுரை)

படிப்பாள், கடைசிப் பக்கத்திலிருந்து. கொலைகாரன் பெயரைத் தெரிந்துகொண்டு, "இவனா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவாள். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு தடவை கடைசி அத்தியாயத்தை ஸ்டேப்ளர் போட்டு மூடிக்கூட வைத்தேன், பின்னை நெம்பி எடுத்துவிட்டாள். இப்போது பழகிவிட்டது. ஆள் யாரென்று தெரிந்த பிறகும் அவள் விடாமல் படித்து முடித்தால் அந்தப் புத்தகம் அலமாரிக்குப் போகும். பாதியில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டால் பழைய பேப்பர் கடைக்கு. இந்த வருடம் இதுவரை வாங்கியது பதினொன்று, அலமாரிக்குப் போனது மூன்று.