மூவாயிரத்து ஐந்நூறு டாலர் ஹெட்செட் வாங்கலாமா?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே வீடியோ எடிட்டிங் செய்கிறேன். அறையும் சின்னது, மேசையும் சின்னது. இரண்டாவது மானிட்டர் வைக்க இடமில்லை. ஆப்பிள் விஷன் ப்ரோ (கண்களை மறைத்துத் தலையில் மாட்டினால், கேமரா வழியாக அறையையும் அதன்மேல் மிதக்கும் திரைகளையும் காட்டும் ஹெட்செட்) வாங்கிவிட்டால் மானிட்டர், சினிமா, விளையாட்டு மூன்றுக்கும் அது ஒன்றே போதும் என்று தோன்றுகிறது. மேக்புக் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் இரண்டு வருடச் சேமிப்பு மொத்தமும் இதற்கே போய்விடும். வயது 38, கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போடுகிறேன். வாங்கலாமா, பொறுத்திருக்கலாமா?

பதில்: பொறுத்திருங்கள். நீங்கள் சொல்லும் மூன்றில் சினிமாவை அது மிக நன்றாகக் காட்டும். மானிட்டர் வேலையை ஓரளவுக்குத்தான் செய்யும். விளையாட்டுக்கு அதன் விலையில் ஏழில் ஒரு பங்குக்கு வந்த கருவியே போதும். இரண்டு வருடச் சேமிப்பைக் கொட்டும் அளவுக்கு இந்தக் கணக்கு தேறவில்லை.

பயிற்சி மென்பொருள் தயாரிக்கும் வேலையில் பல வருடங்களாக இந்த ஹெட்செட்டுகளைத் தலையில் மாட்டிக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வாங்கி மூன்று மாதம் ஆனபிறகு, ஒரு சாதாரண வேலை நாளில், இது உங்கள் தலையில் எத்தனை மணி நேரம் இருக்கும்? முதல் வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதல் வாரம் எல்லோரும் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். அறைச் சுவரில் செயலிச் சாளரங்களைத் தொங்கவிட்டு, விரல் நுனிகளைச் சேர்த்துக் கிள்ளியே எல்லாவற்றையும் நகர்த்தும்போது வரும் பரவசம் உண்மையானது. எனக்கும் வந்தது. அது அடங்கியபிறகும் கை தானாக ஹெட்செட்டைத் தேடுகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கையைத் தடுப்பது பெரும்பாலும் எடை. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் 3,499 டாலருக்கு வந்த முதல் விஷன் ப்ரோ 600 முதல் 650 கிராம். 2025 அக்டோபரில் எம்5 சிப்போடு அதே விலைக்கு வந்தது 750 முதல் 800 கிராம். எடை ஏறக் காரணம் பெரும்பாலும் புதிய பட்டை. பின்னந்தலைப் பக்கம் கனம் வைத்து முன்பாரத்தைச் சமன் செய்கிறார்கள், அதனால் எண்ணிக்கையில் கூடினாலும் முகத்துக்குக் கொஞ்சம் இதமாகவே இருக்கும். பேட்டரி இதில் சேராது. அது தனியாக 350 கிராம் அளவில், ஒரு வயரின் முனையில், சட்டைப் பையிலோ மடியிலோ கிடக்கும். எழுந்திருக்கும்போதெல்லாம் அதையும் கையில் எடுக்க வேண்டும். நான் பல தடவை மறந்து எழுந்து, வயர் இழுத்தபிறகுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாற்பதாவது நிமிடம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இரண்டு கன்ன எலும்புகளிலும் ஒரு அழுத்தம் நிலையாக உட்கார்ந்திருக்கும். புருவத்துக்கு மேலே லேசாக வியர்க்கும். மூக்கின் பக்கம் ஒரு இடுக்கு வழியாக வெளிச்சம் உள்ளே வரும், அதைச் சரிசெய்யக் கருவியைக் கொஞ்சம் மேலே தூக்குவீர்கள், உடனே எழுத்து மங்கும், மறுபடி இறக்குவீர்கள். கழற்றி வைத்ததும் கண்ணாடியில் பார்த்தால் முகத்தில் சிவப்பாக ஒரு வளையம். கொஞ்ச நேரத்தில் போய்விடும், ஆபத்தில்லை. ஆனால் மதியம் ஒரு வாடிக்கையாளரோடு வீடியோ அழைப்பு இருக்கிறது என்றால், காலையில் இதைப் போட்டுக்கொள்ளக் கொஞ்சம் யோசிப்பீர்கள்.

சரி, உங்களுக்கு முக்கியமான மானிட்டர் விஷயத்துக்கு வருகிறேன். விஷன் ப்ரோவின் இரண்டு கண்களுக்கான திரைகளிலும் சேர்த்து 2 கோடியே 30 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன என்று விளம்பரத்தில் படித்திருப்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பிக்சல்கள் உங்கள் பார்வைப் பரப்பு முழுவதும் பரந்து கிடக்கின்றன. ஒரு திரை கூர்மையாகத் தெரிகிறதா என்பதை மொத்த எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. கண்ணிலிருந்து பார்க்கும்போது ஒரு டிகிரி கோணத்துக்குள் எத்தனை பிக்சல் அடங்குகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. நல்ல பார்வை உள்ளவருக்கு இந்த எண் 60 அளவில் இருந்தால் பிக்சல் தனியாகத் தெரியாது.

ஒரு 27 அங்குல 4கே மானிட்டரை 60 செ.மீ. தள்ளி வைத்துப் பார்த்தால் டிகிரிக்கு ஏறத்தாழ 70 பிக்சல் வரும். மலிவான 24 அங்குல ஃபுல் ஹெச்டி மானிட்டருக்கே 40 வரும். விஷன் ப்ரோவில் சராசரியாக 34 அளவில்தான் இருக்கிறது. எம்5 மாடல் 10 சதவீதம் கூடுதல் பிக்சல்களை வரைகிறது, அதனால் எழுத்து முன்பைவிடத் தெளிவு. இருந்தாலும் டைம்லைனில் (காட்சித் துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) இருக்கும் குட்டிக் குட்டி எழுத்துகளைப் படிக்கச் சாளரத்தைப் பெரிதாக்கி, அகலமாக விரித்து வைக்கத்தான் வேண்டியிருக்கும். அப்புறம் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்தைப் பார்க்கக் கழுத்து திரும்ப வேண்டும், அந்த 750 கிராமையும் சேர்த்துக்கொண்டு.

இதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: மேக்கின் திரையை உள்ளே கொண்டுவரும் வசதி நன்றாகவே இருக்கிறது. 2024 டிசம்பரில் வந்த புதுப்பித்தலில், இரண்டு 5கே மானிட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலத்துக்கு அதை விரிக்க முடிந்தது. பயணத்தில், விடுதி அறையில், விமானத்தில் இதற்கு இணையாக எதையும் நான் பார்த்ததில்லை. மாதத்தில் பாதி நாள் வெளியூரில் எடிட் செய்பவராக நீங்கள் இருந்திருந்தால் என் பதிலே மாறியிருக்கும்.

ஆனால் நீங்கள் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்பவர். அதிலும் எடிட்டர். இந்த இரண்டாவது விஷயம் முக்கியம். நிறத்தைச் சரிசெய்யும்போது நீங்கள் பார்ப்பது, உங்கள் வாடிக்கையாளரும் பார்வையாளர்களும் பார்க்கப்போகும் திரையைப் போன்ற ஒன்றாக இருக்க வேண்டும். லென்ஸுக்குப் பின்னால், முகத்தோடு ஒட்டிய திரையில் பார்த்து நிறத்தை முடிவு செய்தால், சாதாரணத் திரையில் மறுபடி சரிபார்க்காமல் அனுப்ப முடியாது. ஆக அந்த மானிட்டர் எப்படியும் தேவைப்படும். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து "இந்த இடத்தில் வெட்டலாமா" என்று கேட்கவும் முடியாது.

இடம்தான் பிரச்சினை என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. மேசை விளிம்பில் திருகி மாட்டும் மானிட்டர் ஆர்ம் ஒன்றும் 27 அங்குல 4கே மானிட்டரும் வாங்குங்கள். மானிட்டரின் கால் மேசையில் இடம் பிடிக்காது, வேலை முடிந்ததும் சுவர்ப் பக்கம் தள்ளிவிடலாம். ஹெட்செட் விலையில் சிறு பங்கில் இது முடிந்துவிடும்.

இனி கண். விஷன் ப்ரோவுக்குள் மூக்குக்கண்ணாடி போட இடமில்லை. உங்கள் பவருக்கு ஏற்றபடி காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் லென்ஸை ஸைஸ் (Zeiss) நிறுவனம் செய்துதருகிறது. அறிமுகமானபோது அதற்குத் தனியாக 149 டாலர் வைத்தார்கள். பவர் மாறினால் மறுபடி வாங்க வேண்டும். எல்லா வகைப் பவருக்கும் இது கிடைப்பதில்லை, குறிப்பாக உங்கள் சீட்டில் பிரிசம் என்று எழுதியிருந்தால் முன்கூட்டியே விசாரியுங்கள். உங்களுக்கு 38 என்கிறீர்கள். நாற்பதை ஒட்டிப் பலருக்கும் கிட்டத்தில் படிக்கவும் பவர் தேவைப்பட ஆரம்பிக்கும். அதனால் ஒரே ஜோடி லென்ஸோடு நீண்ட காலம் ஓடிவிடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

இன்னொன்று, கண் சோர்வு. கண் இயல்பில் இரண்டு வேலைகளைச் சேர்த்தே செய்யும். பொருள் கிட்டே வந்தால் இரண்டு கண்ணும் உள்பக்கம் திரும்பும், அதே நேரம் கண்ணின் லென்ஸும் அந்தத் தூரத்துக்குக் குவியும். ஹெட்செட்டில் படம் எங்கே மிதந்தாலும் குவிய வேண்டிய தூரம் மாறாது. விழி ஒரு தூரத்துக்குத் திரும்ப, லென்ஸ் இன்னொரு தூரத்துக்குக் குவிகிறது. கைக்கெட்டும் தூரத்தில் எதையாவது வெகுநேரம் பார்த்தால் சிலருக்குத் தலை கனப்பது இதனால்தான். சாளரங்களை ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி வைத்தால் பெரும்பாலும் குறையும். இந்தப் பிரச்சினை எல்லா விலைக் கருவிகளிலும் இருக்கிறது, பணம் கூடக் கொடுத்தால் தீர்வதில்லை.

சினிமாவைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. கறுப்பு கறுப்பாகவே தெரியும், 3டி படத்தில் இரண்டு கண்ணுக்கும் முழு வெளிச்சம் கிடைக்கும், திரையரங்கின் 3டி கண்ணாடியில் வரும் மங்கல் கிடையாது. எம்5 மாடலில் பேட்டரி வீடியோவுக்கு 3 மணி நேரம் வரை தாங்கும் என்கிறது நிறுவனம், சார்ஜரைச் செருகி வைத்தும் பார்க்கலாம். ஆனால் ஒருவர் மட்டும்தான் பார்க்க முடியும். முகத்தோடு பொருந்தும் உறை உங்கள் முக அளவுக்கு வருவது, லென்ஸ் உங்கள் பவருக்கு வருவது. வீட்டில் வேறு யாராவது போட்டுப் பார்த்தால் வெளிச்சம் கசியும், அவர்களுக்குப் பவர் வேறாக இருந்தால் படமும் மங்கும். வீட்டில் உங்களோடு யாராவது இருந்தால், எந்தப் படங்களைச் சேர்ந்து பார்ப்பது வழக்கம் என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

விளையாட்டுக்காக என்றால் யோசிக்கவே வேண்டாம். 2023 அக்டோபரில் 499 டாலருக்கு வந்த மெட்டா குவெஸ்ட் 3, அடுத்த ஆண்டு 299 டாலருக்கு வந்த குவெஸ்ட் 3எஸ், இரண்டுக்கும் விளையாட்டுகள் ஏராளம், கையில் பிடிக்கும் கன்ட்ரோலரும் பெட்டியிலேயே வரும். குவெஸ்ட் 3-இல் கண்ணாடி போட்டுக்கொண்டே அணிய முன்பக்கத்தைத் தள்ளி வைக்கும் வசதியும் இருக்கிறது. கேமரா வழியாகத் தெரியும் அறை விஷன் ப்ரோ அளவுக்குத் தெளிவாக இருக்காது, மாலை மங்கியதும் பொடிப்பொடியாகப் புள்ளி தெறிக்கும், கையில் இருக்கும் போனைப் படிப்பது சிரமம். குதித்து விளையாடும்போது இது பெரிதாக உறுத்தாது.

இரண்டு வருடச் சேமிப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால் அடுத்ததை அழுத்திச் சொல்கிறேன். இந்தத் துறையில் கருவி கெட்டுப்போவதற்கு முன்பே அதைத் தாங்கி நிற்கும் சேவை நின்றுவிடுவது பல தடவை நடந்திருக்கிறது. 2018-இல் 2,295 டாலருக்கு விற்ற மேஜிக் லீப் 1 என்ற ஹெட்செட், 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இயங்காது என்று அறிவிக்கப்பட்டது. 3,500 டாலர் ஹெட்செட்டான ஹோலோலென்ஸ் 2-இன் உற்பத்தியை மைக்ரோசாஃப்ட் 2024-இல் நிறுத்தியது. விண்டோஸ் மிக்ஸட் ரியாலிட்டியை (விண்டோஸ் கணினியில் ஹெட்செட்டை இயக்கும் வசதியை) நம்பி வேறு நிறுவனங்கள் செய்த ஹெட்செட்டுகளும் இருந்தன. விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பில் அந்த வசதியையே எடுத்துவிட்டதால், நல்ல நிலையில் இருந்த கருவிகள் புதிய பதிப்பு போட்ட கணினிகளில் வேலை செய்யாமல் போயின. விஷன் ப்ரோவுக்கும் இதேதான் ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு மானிட்டரைப் பத்து வருடம் வைத்திருப்பதைப் போல இதை வைத்திருக்கலாம் என்று நம்பிப் பணம் போடக்கூடாது. போட்டியும் வந்துவிட்டது. 2025 அக்டோபரில் சாம்சங் கேலக்ஸி எக்ஸ்ஆர் 1,799 டாலருக்கு, 545 கிராம் எடையில் வந்தது. எடையிலும் விலையிலும் குறைந்த கருவிகள் வர ஆரம்பித்துவிட்டன. பொறுத்திருந்தால் உங்களுக்கு நஷ்டமில்லை.

அப்படியானால் யார்தான் வாங்கலாம்? இதற்குச் செயலி எழுதிச் சம்பாதிப்பவர் வாங்கலாம். கட்டப்போகும் வீட்டுக்குள் வாடிக்கையாளரை நடத்திக் காட்டி ஒப்புதல் வாங்கும் கட்டடக் கலைஞர் வாங்கலாம். தப்பு செய்தால் பெரிய சேதம் வரும் வேலையைப் பழக்கிக் கொடுப்பவர்கள் வாங்கலாம். ஓரியன் விண்கலத்தை இணைக்கும் வேலையில் லாக்ஹீட் மார்ட்டின் தொழில்நுட்பர்கள் ஹோலோலென்ஸ் அணிந்தார்கள். எந்தப் பகுதி எந்த இடத்தில் வர வேண்டும் என்பது அந்தக் கலத்தின் மேலேயே அவர்களுக்குத் தெரிந்தது, கையேட்டைப் புரட்டித் திரும்பத் திரும்ப அளக்க வேண்டியிருக்கவில்லை. தட்டைத் திரையால் முடியாத ஒரு வேலை, ஒரு தடவைக்குக் கொஞ்ச நேரம்: இந்த இரண்டும் சேர்ந்தால் விலை தன்னால் நியாயமாகிவிடும். உங்கள் எடிட்டிங் தட்டைத் திரைக்காகவே செய்யப்படும் வேலை, அதுவும் நாள் முழுக்க.

இவ்வளவு சொல்லியும் ஆசை விடவில்லை என்றால், அது தப்பில்லை. தெரிந்தவர் யாரிடமாவது ஒரு நாள் கேட்டு வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். கடையில் காட்டும் மாதிரிக் காட்சியை வைத்து முடிவு செய்யாதீர்கள், அங்கே காட்டுவதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் பழக்கம் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், ஸைஸ் லென்ஸுக்குச் செலவழிக்காமல் சோதித்துவிடலாம். உங்கள் மேக்புக்கை இணைத்து, வாடிக்கையாளருக்கு நிஜமாகவே கொடுக்க வேண்டிய ஒரு வேலையை ஒரு மணி நேரம் அதில் செய்யுங்கள். முடித்ததும் கழற்றிவிட்டு அதே டைம்லைனை லேப்டாப் திரையில் ஓடவிடுங்கள். ஹெட்செட்டில் கண்ணில் படாமல் போன தவறு எத்தனை என்று எண்ணி ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு, மறுநாள் காலையில் மறுபடி அதை மாட்டிக்கொள்ளத் தோன்றுகிறதா என்று பாருங்கள்.